மருந்து கேட்கிறது, பேச்சு எடுபடுகிறது: விளைதிறனை எப்படி அளப்பது?

கேள்வி இது: "மருந்து, இயந்திரம், பாடத்திட்டம், அரசுத் திட்டம் என எல்லாவற்றையும் 'எஃபெக்டிவ்' என்று ஒரே சொல்லால் சொல்கிறார்கள். எல்லா இடத்திலும் அதற்கு ஒரே பொருள்தானா? அளக்கப் பொதுவான வழி உண்டா? எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு நடத்தும் பயிற்சி எந்த அளவு எஃபெக்டிவ் என்று அளந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

தமிழில் இயல்பாகப் பேசும்போது நாம் இதற்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்லை. மருந்து கேட்கிறது. பேச்சு எடுபடுகிறது. முயற்சி பலிக்கிறது. காரியம் கைகூடுகிறது. ஒவ்வொன்றும் வேறு விதமாக நடக்கிறது என்பதை மொழி தெரிந்துவைத்திருக்கிறது. கலைச்சொல் என்று வரும்போதுதான் எல்லாவற்றையும் 'விளைதிறன்' என்ற ஒன்றுக்குள் அடைக்கிறோம். சிலர் பயனுறுதிறன் என்றும் எழுதுகிறார்கள். நான் இங்கே விளைதிறன் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விளைதிறனும் செயல்திறனும் ஒன்றல்ல. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9000 தரநிலை இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. திட்டமிட்ட செயல்களும் எதிர்பார்த்த விளைவுகளும் எந்த அளவுக்கு நிறைவேறின என்பது விளைதிறன். கிடைத்த விளைவுக்கும் அதற்குச் செலவான வளத்துக்கும் உள்ள உறவு செயல்திறன். மிகக் குறைந்த செலவில், மிக வேகமாக, தவறான முகவரிக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்துக்குச் செயல்திறன் உண்டு, விளைதிறன் இல்லை.

சரி, ஒரே பொருள்தானா? எந்தத் துறையாக இருந்தாலும் விளைதிறன் ஒரு பின்னம் போன்றது. மேலே, நமக்குக் கிடைத்தது. கீழே, அதை எதனோடு ஒப்பிடுகிறோமோ அது. எல்லோரும் மேலே உள்ள எண்ணைத்தான் பார்க்கிறார்கள். துறைக்குத் துறை மாறுவது கீழே உள்ள எண். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சொல்லப்படும் விளைதிறனை எவ்வளவு நம்பலாம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பொறியியலில் அந்த எண்ணை இயற்பியலே தருகிறது. ஒரு திரவத்தின் வெப்பத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றிகளை வடிவமைப்பவர்கள் விளைதிறன் என்ற சொல்லையே ஒரு சூத்திரமாக வைத்திருக்கிறார்கள். உண்மையில் கடத்தப்பட்ட வெப்பத்தை, கோட்பாட்டளவில் கடத்தக்கூடிய அதிகபட்ச வெப்பத்தால் வகுக்க வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. உள்ளே வரும் இரண்டு திரவங்களின் வெப்பநிலையும் ஓட்டமும் அதைத் தீர்மானித்துவிடுகின்றன. இவ்வளவு நாணயமான கீழ் எண் மற்ற துறைகளுக்கு வாய்ப்பது அரிது. பக்கத்திலேயே இருக்கும் தொழிற்சாலைத் தளத்தில்கூட நிலைமை மாறிவிடுகிறது. அங்கே இயந்திரம் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய பொருளின் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கி ஒரு எண் எடுப்பார்கள். 90, 95, 99 விழுக்காடு என்றால் பெருக்கத்தில் சுமார் 85 வரும். ஆனால் ஓடிய நேரத்தைத் 'திட்டமிட்ட நேரத்தால்' வகுக்கிறார்கள். இயந்திரம் நின்ற நேரத்தைத் திட்டமிட்ட ஓய்வு என்று எழுதிவிட்டால், எதுவும் மாறாமலேயே எண் உயர்ந்துவிடும்.

இன்றைய தேடுபொறிகளுக்கு முன்னோடியான ஆவணத் தேடல் முறைகளை மதிப்பிட்டவர்கள், ஒரு எண் போதாது என்பதை 1960-களிலேயே கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகளிலிருந்து வந்த வழக்கம் இது. தேடலுக்குப் பொருந்தும் ஆவணங்கள் மொத்தம் 100 என்று வையுங்கள். பொறி 50 தருகிறது, அதில் 40 பொருந்துகின்றன. தந்ததில் சரியானது 80 விழுக்காடு. இருந்ததில் பிடித்தது 40 விழுக்காடுதான். ஒன்றைக் கூட்டப் போனால் பெரும்பாலும் மற்றது குறையும். வழக்கறிஞருக்கு எதுவும் விடுபடக் கூடாது, அவசரத்தில் தேடுபவருக்கு முதல் விடை சரியாக இருந்தால் போதும். ஒரே பொறி ஒருவருக்கு விளைதிறன் உள்ளது, மற்றவருக்கு இல்லாதது.

மருத்துவத்துக்கு வரும்போதுதான் கீழ் எண் உண்மையான சிக்கலாகிறது. மருந்து சாப்பிட்டார், குணமானார். சாப்பிடாமல் இருந்திருந்தால்? அதே ஆளை அதே நாளில் மருந்தில்லாமல் பார்க்க வழியில்லை. அதனால் அவரைப் போன்ற வேறு ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது. 1948-இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. காசநோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதைத் தற்செயல் எண்கள் தீர்மானித்தன. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். மருந்து கேட்டது. ஆனால் மருந்தே பெறாத 52 பேரில் 38 பேரும் ஆறு மாதம் கழித்து உயிரோடுதான் இருந்தார்கள். அந்த 38 பேருக்கும் யாராவது ஏதாவது ஒரு கஷாயத்தைக் கொடுத்திருந்தால், அதுதான் காப்பாற்றியது என்று அவர்களே சாட்சி சொல்லியிருப்பார்கள். காலத்தையும் கவனிக்க வேண்டும். நாளடைவில் கிருமிகள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டன, இரு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கியது. ஆறாம் மாதத்தில் அளந்த விளைதிறன் வேறு, ஐந்தாம் ஆண்டில் அளந்தது வேறு.

கோவிட் தடுப்பூசிகள் வந்தபோது '95 விழுக்காடு' என்ற எண் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பலர் அதை நூறு பேர் போட்டுக்கொண்டால் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று புரிந்துகொண்டார்கள். அது அப்படி இல்லை. ஃபைசர் ஆய்வில் கிட்டத்தட்டச் சம அளவான இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 18,000 பேர். தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய் வந்தது, போடாதவர்களில் 162 பேருக்கு. 8-ஐ 162-ஆல் வகுத்தால் 5 விழுக்காடு, மீதி 95. அதாவது வந்திருக்கக்கூடிய ஒவ்வொரு நூறு நோயிலும் 95 வராமல் போனது. இங்கேயும் கீழே இருக்கும் எண் 'இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்' என்பதுதான்.

அப்புறம், சோதனையில் கிடைக்கும் பலனும் வாழ்க்கையில் கிடைக்கும் பலனும் வேறு வேறு. கருத்தடை முறைகளில் இது பளிச்சென்று தெரியும். மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால், ஓராண்டில் ஆயிரம் பெண்களில் சுமார் 3 பேர் மட்டுமே கருத்தரிப்பார்கள். நடைமுறையில், மறந்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், நூறில் சுமார் 7 பேர். தாமிரம் சுற்றிய கருப்பைச் சாதனத்தில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. இரண்டு கணக்கிலும் நூறில் ஒருவருக்கும் குறைவு. காரணம் எளிது: அது யாருடைய நினைவாற்றலையும் நம்பி இல்லை. மாத்திரையைச் செய்தவர்கள் 'எங்கள் மருந்தில் குறையில்லை, மறந்தது அவர்கள் தவறு' என்று சொன்னால் வேதியியல்படி அது சரி. ஆனால் மனிதர்கள் மறப்பார்கள் என்பதும் மருந்தின் கணக்கில் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயன்படுத்துபவரைத் திட்டித்தான் ஒரு முறையின் விளைதிறனைக் காப்பாற்ற முடியும் என்றால், அங்கே காப்பாற்ற அதிகம் இல்லை.

இதைச் சொல்லும்போது வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் கதையை விட்டுவிட முடியவில்லை. 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சை கொடுத்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர் சில நாட்களிலேயே தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாற்றைக் கப்பல்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 1795-இல்தான். இடையில் லிண்டே இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார்: பழச்சாற்றைச் சூடாக்கிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று. சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. பழம் கேட்டது, குழம்பு கேட்கவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பகுதியின் மஞ்சள் லெமனுக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் பச்சை லைமுக்கு மாறினார்கள். தமிழில் இரண்டையும் எலுமிச்சை என்று சொல்லிவிடுகிறோம். அன்றைய ஆங்கிலேயர்களும் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தார்கள். லைமில் அந்தச் சத்து மிகக் குறைவு, பதப்படுத்திய சாற்றில் இன்னும் குறைவு. ஆனால் நீண்ட காலம் யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஏன்? அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன, பயணம் சுருங்கியது, வழியிலேயே புதிய காய்கறிகள் கிடைத்தன. நோய் வராததற்குக் காரணம் கப்பலின் வேகம், பெயர் வாங்கியது லைம் சாறு. 1875-இல் கிளம்பிய ஆர்க்டிக் பயணத்தில், குளிர்காலம் முழுக்க அந்தச் சாற்றைக் குடித்தவர்களில் பலர் ஸ்கர்வியில் விழுந்தார்கள். பிறகு எதிர்த் திசையில் தவறு நடந்தது: பழச்சாறே உதவாது, கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்ற கருத்து பரவியது. நன்றாக வேலை செய்த ஒரு மருந்து கையில் இருந்தும் நழுவிப்போனது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பல பத்தாண்டுகள் யாரும் ஒப்பிட்டுப் பார்க்காததுதான் காரணம்.

இதுவரை கீழ் எண். மேல் எண்ணிலும் தவறு நேரும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் வணிகக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பொருத்தியது. செலவு அதிகம், ஆட்களும் தேவை. எத்தனை விமானங்களைச் சுட்டு வீழ்த்தின என்று எண்ணிப் பார்த்தார்கள். தாக்குதல்களில் வெறும் 4 விழுக்காடு. கழற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போதுதான் துப்பாக்கியை ஏன் வைத்தோம் என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். விமானத்தை வீழ்த்தவா, கப்பலைக் காப்பாற்றவா? அந்தக் கணக்கைப் போட்டபோது, தாக்கப்பட்ட கப்பல்களில் துப்பாக்கியால் சுட்டவற்றில் 10 விழுக்காடு மூழ்கின, சுடாதவற்றில் 25 விழுக்காடு. சுடுவதைக் கண்டு விமானி தாழப் பறக்கத் தயங்கினான், குறி தவறியது. எதை எண்ணினோம் என்பதைப் பொறுத்து ஒரே துப்பாக்கி பயனற்றதாகவும் உயிர்காப்பதாகவும் தெரிந்தது.

இதே பிழை மருத்துவத்தில் நடந்தபோது உயிர்கள் போயின. மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பில் இடறல்கள் அதிகம் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியும். இடறலைக் குறைக்கும் மருந்துகளும் இருந்தன. ஆகவே அவை உயிரைக் காக்கும் என்று நம்பிப் பரவலாகக் கொடுத்தார்கள். 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த காஸ்ட் ஆய்வு, அந்த மருந்தால் இடறல் குறைந்த நோயாளிகளை மட்டுமே எடுத்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தது. சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். ஈசிஜி தாளில் மருந்து அருமையாக வேலை செய்தது, நோயாளி இறந்தார். அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அதையே நமக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

சமூகத் திட்டங்களில் பெரும்பாலும் அளப்பது பயனாளிகளின் திருப்தியை. 'உங்களுக்கு உதவியாக இருந்ததா?' என்று கேட்பது மலிவு, நல்ல பதிலும் வரும். 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 506 சிறுவர்களைக் கொண்டு கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வு தொடங்கியது. ஒத்த பின்னணியுள்ள இருவர் இருவராக இணைத்து, ஒருவரைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவரை விட்டுவிட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசகர்கள் வீட்டுக்கே வந்தார்கள், பாடம் சொல்லித்தந்தார்கள், மருத்துவ உதவி செய்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்கள் குற்றப்பாதைக்குப் போகாமல் தடுப்பதுதான் நோக்கம். சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்றார்கள். பலர் அன்போடு நினைவுகூர்ந்தார்கள். 1978-இல் வெளியான முடிவுகளோ வேறு கதை சொல்லின. மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், தீவிர மனநோய்க்கு ஆளானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் ஆகியோர் திட்டத்தில் சேர்ந்தவர்களிடையேதான் கூடுதல். இணையாக விடப்பட்ட அந்த 253 பேர் இல்லாமல் இருந்திருந்தால், இது இன்றுவரை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டிருக்கும். பின்னாளில் நடந்த அலசலில், பாதிப்பின் பெரும்பகுதி ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்குப் போனவர்களிடம் இருந்தது தெரிந்தது. அங்கே அவர்கள் ஆலோசகர்களிடம் கற்றதைவிட ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நல்ல மனதோடு உழைத்தவர்களை இது குறை சொல்வதல்ல. ஆனால் நல்ல மனதை விளைதிறனாக எண்ண முடியாது.

சராசரி என்பதும் ஏமாற்றும். கென்யக் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. 'பாடநூல் பயன் தருமா?' என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லவே முடியாது. யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

நிர்வாகத்தில் கீழ் எண்ணை நாமே எழுதிக்கொள்கிறோம். அதற்கு இலக்கு என்று பெயர். இலக்கில் எத்தனை விழுக்காடு எட்டினோம் என்பதே விளைதிறன் ஆகிவிடுகிறது. இலக்கைத் தாழ்த்தி வைத்தால் போதும், எல்லோரும் வெற்றியாளர்கள். இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைக் கவனித்து அனுப்ப வேண்டும் என்ற இலக்கு வந்தபோது, நான்காம் மணி முடிவதற்குச் சற்று முந்தைய நிமிடங்களில் வெளியேறுவோர் எண்ணிக்கை மலைபோல் எழுந்தது. இதைக் காட்டி இலக்குகளே கூடாது என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே இலக்கை ஆராய்ந்த பொருளியலாளர்கள் நோயாளிகளின் காத்திருப்பும் இறப்பும் குறைந்ததையும் கண்டார்கள். கடைசி நிமிட அவசரமும் உண்மை, பலனும் உண்மை. இலக்கை எட்டினோமா என்பதோடு நிற்காமல், இலக்கில் சொல்லப்படாத இன்னொன்றையும், இங்கே இறப்பை, தனியே அளந்ததால்தான் இது தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் பொது அளவுகோல் உண்டா என்று கேட்டீர்கள். ஒரு துறைக்குள் ஓரளவு உண்டு. மருத்துவத்தில், முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டை 1 என்றும், பாதி நலத்தோடு வாழும் ஆண்டை 0.5 என்றும் வைத்து, இடுப்பெலும்பு அறுவையையும் ஆஸ்துமா மருந்தையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். எது பாதி நலம் என்பது விவாதத்துக்குரியது, ஆனாலும் பணத்தைப் பங்கிட வேண்டியவர்களுக்கு இது உதவுகிறது. ஒரு பாலத்தையும் ஒரு நூலகத்தையும் இப்படி ஒப்பிட எனக்கு வழி தெரியவில்லை.

இனி உங்கள் பயிற்சி. 1959 முதல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் சொல்லிவந்த நான்கு படிகள் இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கம்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு வந்ததா. பெரும்பாலான அலுவலகங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. நீங்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். பயிற்சி எதற்காக என்பதை மேலாளர்களிடம் ஒரே வாக்கியமாக எழுதி வாங்குங்கள். 'பில் போடும்போது வரும் பிழைகள் குறைய வேண்டும்' என்பது போல எண்ணக்கூடியதாக அது இருக்கட்டும்.

அடுத்தது ஒப்பீடு. எப்படியும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பயிற்சி கொடுக்க முடியாது, இரண்டு தொகுதியாகத்தான் நடக்கும். யார் முதல் தொகுதி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யச் சொல்லுங்கள். மேலாளர் தேர்ந்தெடுத்தால் ஆர்வமுள்ளவர்கள் முதலில் போவார்கள், அல்லது பிழை அதிகம் செய்பவர்கள் போவார்கள், இரண்டிலும் கணக்கு கெட்டுவிடும். மோசமான மாதத்துக்குப் பிறகு பயிற்சி கொடுத்து, அதற்கு முன்பும் பின்பும் மட்டும் ஒப்பிடுவதும் வேண்டாம். மோசமான மாதத்தை அடுத்து வருவது பெரும்பாலும் சாதாரண மாதமாகத்தான் இருக்கும், பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதல் தொகுதி முடிந்து மூன்று மாதம் கழித்து, இரண்டாம் தொகுதி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், இரு தொகுதியினரின் பிழைகளையும் எண்ணுங்கள். காத்திருக்கும் இரண்டாம் தொகுதிதான் உங்களுடைய கீழ் எண்.